தருமச்சாலைத் தொண்டில் அன்பைப் பழகுவது எப்படி?

வடலூரில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார், பசித்து வருவோருக்கெல்லாம் இலவசமாகச் சோறிடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையாமல் காத்து வருகிறார்கள். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த அந்தச் சாலைக்குப் பிறகு, 1872இல்தான் சத்திய ஞான சபை வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அடுப்பு முதலில் வந்தது, சபை பின்னர் வந்தது. பிற உயிர்களிடம் அன்பு சுரக்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அன்பு ஊறிய பிறகு தொண்டுக்குப் போகலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் போவதே இல்லை. வடலூரிலோ, உங்கள் ஊரில் வள்ளலாரின் வழி நடக்கும் சன்மார்க்க அன்பர்கள் நடத்தும் தருமச்சாலையிலோ தொண்டு செய்யத் தொடங்குவோருக்காக, பந்தியில் நின்று நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் பரிமாறப் போகாதீர்கள், உண்ணப் போங்கள். மற்றவர்களோடு வரிசையில் நின்று, தரையில் அமர்ந்து, இலைக்கு முன் காத்திருங்கள். சோற்று வாளி உங்களைக் கவனிக்காமல் கடந்து போகும்போது கூப்பிடலாமா, கூப்பிட்டால் என்ன நினைப்பார்களோ என்று மனம் கூசும். அந்தக் கூச்சத்தை ஒரு முறையேனும் அறியாதவர் வாளியைத் தூக்கக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்து, ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். தைப்பூசம் வேண்டாம், அன்று தொண்டர்களுக்கே இடம் போதாது. உங்கள் பிறந்தநாளும் வேண்டாம், அன்று உங்கள் நினைவு உங்களைச் சுற்றியே இருக்கும். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ போதும். ஆனால் அதே கிழமையில் அதே சாலைக்கு மூன்று மாதமாவது தொடர்ந்து செல்லுங்கள். பத்துச் சாலைகளுக்கு ஒவ்வொரு நாள் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம். ஒரே சாலைக்குப் பத்து முறை போனால் முகங்கள் தெரியத் தொடங்கும்.

வேலையை அடுக்களையிலிருந்து தொடங்குவது நல்லது. நூறு பேர் உண்ணும் பந்திக்கு ஏறத்தாழ 12 கிலோ அரிசியைக் களைந்து உலை வைக்க வேண்டும், அதற்கேற்பக் காய் நறுக்க வேண்டும், பிறகு அண்டா தேய்க்க வேண்டும். நாயன்மார்களில் ஒருவரான இளையான்குடி மாறனாரைப் பற்றிப் பேசும்போது, மழை இரவில் வந்த அடியாருக்காக விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அந்த ஈர நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கியவர் அவருடைய மனைவி. அன்பின் முதல் சோதனையும் அடுக்களையில்தான் வரும். பசித்து வந்த அந்நியரிடம் இரக்கம் கொள்வது எளிது, “பூசணியை இப்படியா நறுக்குவது?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்கும் பக்கத்துத் தொண்டரிடம் இரக்கம் கொள்வது எளிதன்று. அவர் சொன்னபடியே அன்றைக்கு நறுக்கிவிடுங்கள். அவர் எத்தனை ஆண்டுகளாக வருகிறார், ஏன் வருகிறார் என்று வேலை முடிந்த பிறகு கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில், அப்படிக் கேட்ட கேள்விக்கு வந்த விடைகள் எனக்கிருந்த எரிச்சலைப் பலமுறை போக்கியிருக்கின்றன.

பரிமாறும் முறை வரும்போது, இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்கட்டும். குனிந்து வையுங்கள், நின்றபடி உயரத்திலிருந்து சோற்றைப் போடுவது இலையில் அமர்ந்திருப்பவரைச் சிறுமைப்படுத்தும். முகத்தைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, ஐயா?” என்று அவர் கேட்பதற்கு முன் நீங்கள் கேளுங்கள். பல் இல்லாத முதியவருக்குச் சோற்றைக் குழைவாக இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்து, ரசத்தைத் தாராளமாக ஊற்றுங்கள். ஊர், பிழைப்பு, பிள்ளைகள் ஏன் கவனிக்கவில்லை என்பதையெல்லாம் விசாரிக்காதீர்கள். உண்பவரைப் படம் எடுக்காதீர்கள், நன்கொடையாளர் கேட்டாலும் எடுக்காதீர்கள்.

‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூலில் வள்ளலார், பசித்தவர் எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், எந்தச் செய்கையார் ஆனாலும் பேதம் பார்த்து விசாரிக்காமல் பசியை நீக்கச் சொல்கிறார். முதல் மூன்றையும் இக்காலத்தில் பலர் ஒருவாறு கடந்துவிடுகிறோம், அல்லது கடந்துவிட்டதாக நம்புகிறோம். செய்கை என்ற நான்காவது சொல்லில்தான் தடுக்கி விழுகிறோம். குடித்துவிட்டு வந்தவர், முதல் பந்தியில் உண்டுவிட்டு இரண்டாம் பந்தியிலும் வந்து அமர்பவர், சோற்றைப் பிளாஸ்டிக் பையில் ஒளித்து வைப்பவர் ஆகியோரைக் கண்டதும் கை தானாகச் சுருங்கும். அப்போது உங்கள் மனத்தில் இல்லாத கனிவை முகத்தில் வரவழைத்து நடிக்க வேண்டியதில்லை. மற்றவருக்கு வைத்த அதே அளவை, அதே குனிவோடு அவருக்கும் வைத்தால் அன்றைக்கு அது போதும். பையில் போகும் சோற்றுக்கு வீட்டில் ஒரு வாய் காத்திருக்கலாம். சலிப்பு மிகும் நாளில் வாளியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் வைக்கப் போங்கள். கடுகடுத்த முகத்தோடு இடும் சோற்றை உண்பவர் தாங்க வேண்டியிருக்கிறது.

எச்சில் இலை எடுக்கும் வேலையை ஒருபோதும் தட்டிக் கழிக்காதீர்கள். அந்த வேலை இன்னாருக்குரியது என்று பழகிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் கை தயங்கும், தயங்கினாலும் எடுங்கள். இலைகள் உங்கள் பரிமாறலைப் பற்றிச் சொல்லும்: ஒருவரைக் கேட்காமல் சோற்றைக் குவித்தீர்களா, குழந்தைக்குக் காரமான கூட்டை வைத்தீர்களா என்பதெல்லாம் அங்கே மிஞ்சிக் கிடக்கும்.

வீட்டையும் மறந்துவிட வேண்டாம். சாலையில் நூறு பேரை ஐயா, அம்மா என்று அழைத்துவிட்டு, திரும்பியதும் காப்பி ஆறிவிட்டது என்று வீட்டில் சீறினால், அடுத்த வாரம் வாளியைத் தொடாமல் அண்டா தேய்க்கப் போங்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன்.

மூன்று மாதம் கழிந்தபின், சுவரோரம் வழக்கமாக அமரும் பெரியவர் ஒரு நாள் வராவிட்டால் அந்த இடம் உங்கள் கண்ணில் படும். பந்தி முடியும்வரை பொறுத்திருந்து, அவருக்குப் பக்கத்தில் அமர்பவரிடம் கேளுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தால், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத் தூக்குவாளியில் ரசஞ்சோறு வாங்கிக்கொண்டு, வழி காட்ட அந்தப் பக்கத்து இலைக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.