கொங்குச் சிற்றூரில் வாடகை வீடு: புதிதாக வருபவர்களுக்கு

வளைகுடா வேலையை விட்டுவிட்டுப் பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டைக்கு வருகிறவர்கள், இலங்கையிலிருந்து வந்து முகாமுக்கு வெளியே குடியிருக்க நினைக்கும் குடும்பங்கள், பிள்ளையைக் கோவைப் பக்கம் கல்லூரியில் சேர்த்துவிட்டுக் கூடவே தங்கும் மலேசியப் பெற்றோர், தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர்கள் என்று கொங்குப் பக்கம் வந்து இறங்கும் எல்லோருக்கும் முதல் கவலை வீடுதான். கையில் கொண்டுவந்த காசை முதலில் கரைப்பது அட்வான்ஸ். வாடகையை எப்படியோ சமாளித்துவிடலாம், தவறாகக் கொடுத்த அட்வான்ஸிலிருந்து மீள வருடக்கணக்கில் ஆகும். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கே தேடுவது என்று பார்ப்போம். வேலை திருப்பூரில் என்றால் வீடும் திருப்பூருக்குள்தான் வேண்டும் என்றில்லை. அவிநாசி, பல்லடம், மங்கலம், பெருமாநல்லூர், ஊத்துக்குளி எல்லாம் டவுன் பஸ் ஓடும் ஊர்கள். ஈரோடு என்றால் சித்தோடு, சென்னிமலை, ஆற்றைத் தாண்டினால் பள்ளிபாளையம். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் இரண்டு பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்றால், ஊருக்கு வெளியே வாடகை குறைந்த இடத்தில் இருந்துகொண்டு பஸ்ஸில் போய்வருவதுதான் லாபம். ஆனால் காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டு விடும் நேரத்துக்கும் அந்த வழியில் வண்டி இருக்கிறதா என்று ஸ்டாப்பில் நின்றே விசாரித்துவிடுங்கள்.

சின்ன ஊர்களில் பாதி வீடுகள் செல்போன் செயலிகளில் வருவதே இல்லை. கேட்டில் ஒரு அட்டை தொங்கும், அவ்வளவுதான். மளிகைக் கடை, இஸ்திரி வண்டி, டீக்கடை, கூட வேலை பார்க்கிறவர்கள், இந்த நாலு இடத்தில் சொல்லி வையுங்கள். புரோக்கர் மூலம் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷன். வீட்டைக் காட்டுவதற்கே காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் வீடு பூட்டிக் கிடந்தால் வீட்டுக்காரர் வாடகையில் கொஞ்சம் இறங்கி வருவார். ஆடியில் பேசி முடித்து டோக்கன் கொடுத்துவிட்டு ஆவணியில் பால் காய்ச்சுங்கள். திருப்பூர்ப் பக்கம் தீபாவளி போனஸ் வாங்கியதும் ஊருக்குப் போகிறவர்களும் கம்பெனி மாறுகிறவர்களும் உண்டு, அப்போதும் வீடுகள் காலியாகும்.

குறைந்த வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஏழெட்டுக் கதவுகள், கடைசியில் பொதுக் கழிப்பறை, வாசலில் ஒரு துவைக்கிற கல். வீட்டைப் பார்க்குமுன் கழிப்பறையைப் பாருங்கள், எத்தனை குடும்பத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். கூரை சிமெண்ட் சீட்டா, தார்சா (கான்கிரீட் தளமா) என்பதும் முக்கியம். சீட்டு வீட்டில் சித்திரை மாதம் பகலில் குழந்தையைப் படுக்கவைக்க முடியாது. இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது தார்சு வீட்டுக்கே போங்கள்.

தண்ணீரில் ஏமாந்துவிடாதீர்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். போர்வெல் தண்ணீரைச் சோதிக்க ஒரு துண்டு துணிசோப்பு போதும். குழாயடியில் கையை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நுரை வராமல் பிசுபிசுவென்று திரிந்துபோனால் கடும் உப்பு. குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்திருந்தாலும் அதேதான். நொய்யல் ஆற்றோரத்துப் பகுதிகளில் சாயக்கழிவு நிலத்தடி நீரைப் பல காலம் கெடுத்திருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் அதையும் வாடகையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

வீட்டுக்காரரிடம் பேசும்போது இந்த ஊர் வழக்கத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். "வீடு காலியிருக்குதுங்களா?" என்று கேட்டால் "எத்தன பேருங்க, எங்க வேலைங்க?" என்று பதில் வரும். சின்னப் பையனிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் இது. நீங்களும் அப்படிப் பேசினால் பாதித் தயக்கம் போய்விடும். அப்புறம், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியும் வரும். சாதியைக் கேட்டு வீடு மறுக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது, அது அநியாயம். கடன் வாங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரை அந்தக் கேள்வியால் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. வெளியூர்க்காரர்கள் கலந்து குடியிருக்கும் மில் பக்கத்துக் காம்பவுண்டுகள், புது லே-அவுட்டுகள், ஹவுசிங் யூனிட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

சரி, அட்வான்ஸுக்கு வருவோம். ஐந்து மாத வாடகை, பத்து மாத வாடகை என்று கேட்பது இங்கே சாதாரணம். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. கூடுதலாகத் தருவதாக நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த மூன்று மாதக் கணக்கு உதவாது. அதனால் சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போகாமல் பேரம் பேசுங்கள்: "மூணு மாசம் இப்பக் குடுத்தர்றனுங்க, மீதிய ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாங்க." பலர் ஒப்புக்கொள்வார்கள். பணத்தை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்பி, 'வீட்டு அட்வான்ஸ்' என்று குறிப்பு எழுதுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதியவும் வேண்டும். வாடகையை உயர்த்துவதென்றால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. மீறினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். கையில் ஒப்பந்தக் காகிதம் இருந்தால்தான் அங்கே உங்கள் பேச்சு எடுபடும். கேஸ் இணைப்புக்கும் முகவரி மாற்றத்துக்கும் அதே காகிதம் பயன்படும்.

போக்கியம் என்று ஒன்று சொல்வார்கள். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வெளிநாட்டில் சேர்த்த பணத்தோடு வருகிறவர்களுக்கு இது ஆசை காட்டும். கொடுக்குமுன் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் சான்று) போட்டுப் பாருங்கள். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால், வங்கி வந்து வீட்டைப் பூட்டும் நாளில் உங்கள் லட்சங்களும் உள்ளே மாட்டிக்கொள்ளும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் வெறும் ஸ்டாம்ப் பேப்பரை நம்பி இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்கவே வேண்டாம்.

கரண்ட்டில் ஒரு விஷயம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி மின்வாரிய மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு. சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலித்தால் அது வீட்டுக்காரரோடு நின்றுவிடும். வாடகை ஐந்நூறு ரூபாய் அதிகம் என்றாலும் தனி மீட்டர் வீடு மலிவாகிவிடுவதுண்டு, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாடகைக்கு அரசு உதவி உண்டா என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்கிறார்கள். எல்லோருக்கும் மாதாமாதம் வாடகையில் ஒரு பங்கைத் தரும் திட்டம் இங்கே இல்லை. கிடைப்பதெல்லாம் வேறு வழியில் வருகிறது. மில்களும் பெரிய கம்பெனிகளும் விடுதி தருகின்றன. சில இடங்களில் அட்வான்ஸைக் கம்பெனியே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சேலத்தில் அரசின் தோழி விடுதி இருக்கிறது. வேறு மாவட்டத்து ரேஷன் கார்டு வைத்திருந்தாலும் இங்குள்ள கடையில் விரல் ரேகை வைத்து இலவச அரிசி வாங்கலாம், அந்த மிச்சமும் வாடகைக்கு ஆகும். எங்கும் சொந்த வீடு இல்லாத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்கள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புக்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். பயனாளி பங்குத்தொகை கட்ட வேண்டியிருக்கும்.

இலங்கைத் தமிழர்களுக்கு பவானிசாகர், அறச்சலூர் போன்ற மறுவாழ்வு முகாம்களில் வீடும் மாத உதவித்தொகையும் உண்டு. வெளியே வீடு எடுக்குமுன், பதிவு மாறினால் அந்த உதவி என்ன ஆகும் என்று முகாம் அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வந்திருப்பவர்களின் விவரத்தை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இதைப் பலர் அறியாததால், நீங்களே கூட உட்கார்ந்து செய்துகொடுங்கள்.

குடிபுகும் அன்று மீட்டர் எண்ணையும் சுவர் விரிசல், உடைந்த கதவு, ஒழுகும் குழாயையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பெயிண்ட் காசு, ரிப்பேர் காசு என்று அட்வான்ஸில் கழிக்க வந்தால் அந்தப் படங்களைக் காட்டலாம். காலி செய்வதை ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். சாவியைக் கொடுக்கும் நேரத்திலேயே கரண்ட் கணக்கை முடித்து, மீதி எவ்வளவு, என்று வரும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.