மாற்றியமைத்த காருக்கு விலை வைப்பது எப்படி?

அலாய் வீல், அகல டயர், தாழ்த்திய சஸ்பென்ஷன், சத்தம் கூட்டிய சைலன்சர் என்று லட்சக்கணக்கில் செலவழித்த காரை விற்க நினைப்பவர், அந்தச் செலவை விலையோடு கூட்டிக் கேட்கக் கூடாது. அதே ஆண்டில் வந்து, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய, கை வைக்காத கார் உங்கள் ஊரில் என்ன விலைக்குப் போகிறது என்பதிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, செய்த மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே, பதிவு செய்யாத நிற மாற்றமோ சி.என்.ஜி. கிட்டோ இருந்தால், பெயர் மாற்றத்திலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரும் என்று வாங்குபவர் அஞ்சி விலையைக் குறைப்பார். அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பத்திரப்படுத்தியிருந்தால், அவற்றையே திரும்பப் பொருத்திவிட்டு, அலாய் வீலையும் மியூசிக் சிஸ்டத்தையும் தனியாக விற்பதுதான் பெரும்பாலும் லாபம். பானெட்டைத் திறக்கும் மெக்கானிக்கின் கண்ணில் முதலில் படுவது, ஹெட்லைட்டுக்காக வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர்கள்தான். அவற்றைச் சீராக்கிய பிறகே காரைக் காட்டுங்கள். இன்ஜின் ரீமேப் (இன்ஜினை இயக்கும் கணினி மென்பொருளில் மாற்றம்) செய்திருந்தால், வாங்குபவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.