அப்பாவின் நினைவுக்கு வைன்: இந்தத் தவறுகள் வேண்டாம்

முதலாண்டு நினைவு நாள் நெருங்கும்போதுதான் பெரும்பாலும் எங்கள் வைன் கடைக்கு வருவார்கள். "அப்பா நினைவா குடும்பத்தோட ஒரு நல்ல வைன் திறக்கணும், எது வாங்கலாம்?" கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பிறகு அவர்களே சொல்லும் யோசனைகள்தான் வருடா வருடம் ஒரே மாதிரி இருக்கின்றன. தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளும், நாங்கள் அந்தக் காலத்தில் செய்ததைப் போலவே, எல்லாவற்றுக்கும் தலையாட்டி பில் போட்டுவிடுகிறார்கள். எந்தக் கிளாஸ், எப்படிக் கார்க் திருகுவது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விடுங்கள்.

பிறந்த வருடத்தைத் துரத்துவது

இது ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவரின் மகள். அப்பா பிறந்தது 1956. இணைய ஏலத்தில் அதே வருட அறுவடையில் செய்த, பிரான்சின் போர்தோ பகுதியில் உள்ள பொமரோலின் சிவப்பு வைன் ஒன்றைப் பிடித்துவிட்டார். விலை, அவர் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். வாங்கிய நாள் முதல் அந்தப் பாட்டில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில், மாலை போட்ட அப்பா படத்துக்குப் பக்கத்தில், சின்ன பல்பு வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்றது. விருந்தன்று திறந்து கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது: வைன் கழுத்தைவிட்டுத் தோளுக்கும் கீழே இறங்கியிருந்தது. கார்க் தூள் தூளாக வந்தது. ஊற்றினால் ஆறிப்போன தேயிலைத் தண்ணீர் நிறம், காடி வாடை. பெரியப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்மா" என்று கிளாஸைத் தட்டுக்குப் பின்னால் நகர்த்தினார்.

எரிச்சல் அந்தப் பெண் மேல் இல்லை, விற்றவர் மேல். 1956 பிப்ரவரியில் போர்தோ பகுதியைக் கடும் உறைபனி தாக்கியது. பொமரோலிலும் செயிண்ட் எமிலியோனிலும் ஏராளமான கொடிகள் பட்டுப்போயின. அந்த வருடம் நல்ல வைனுக்கான வருடமே இல்லை. போர்தோவில் 1963, 1965, 1968, 1972 எல்லாமே அப்படித்தான். அப்பாவுக்கு முக்கியமான வருடம் திராட்சைக்கும் நல்ல வருடமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பிறந்த வருடம்தான் வேண்டும் என்றால் பக்கத்து அலமாரியைப் பாருங்கள். 1963 போர்தோவுக்குச் சொதப்பல், ஆனால் போர்ச்சுகலின் இனிப்பான போர்ட் வைனுக்கு அந்த நூற்றாண்டின் பெரிய வருடங்களில் ஒன்று. அதே நாட்டின் மடேரா தீவு வைன் இன்னும் கெட்டி. செய்யும்போதே சூடும் காற்றும் பட்டு வளர்ந்த வைன் அது, அதனால் எவ்வளவோ வருடம் தாங்கும். இல்லையென்றால் வருடத்தை மாற்றுங்கள். கல்யாணமான வருடம், வீட்டுச் சாவி கைக்கு வந்த வருடம், முதல் பேரப்பிள்ளை பிறந்த வருடம் என்று ஒரு மனிதர் வாழ்க்கையில் வருடங்களுக்கா பஞ்சம்? 1982, 1990, 2000, 2005, 2010 எல்லாம் போர்தோவுக்கு நல்லவை. முதலிரண்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பேரப்பிள்ளை பிறந்த வருடம் என்றால் பெரும்பாலும் கைக்கு எட்டும்.

அப்புறம், வாங்கியதை வீட்டில் அடைகாக்காதீர்கள். வைன் கேட்பது சுமார் 13 பாகை செல்சியஸ். நம் கூடத்தில் பகலில் 30. நின்றபடியே இருந்தால் கார்க்கும் காய்ந்துவிடும். படத்துக்கு முன்னால் வைக்க ஆசையாக இருந்தால் அன்று காலை வையுங்கள், போதும். அதுவரை கடையிலேயே இருக்கட்டும். நல்ல கடை மறுக்காது.

அப்பா குடிக்காததைத் திறப்பது

வாழ்நாள் முழுக்கக் காப்பிக்கடையில் கறுப்பு பீர் குடித்தவருக்காக ஏன் கசக்கும் பிரெஞ்சு வைன்? முதலில் ஒரு டப்பா கறுப்பு பீரை எல்லோருக்கும் கொஞ்சம் ஊற்றுங்கள், பிறகு வைனுக்கு வாருங்கள். அவர் ருசியை ஒட்டி, 20 ஆண்டு டானி போர்ட் (பீப்பாயில் முதிர்ந்த போர்ட்) மாதிரி இனிப்பும் வறுத்த பருப்பு வாசமும் உள்ளதாக இருக்கட்டும். (அந்த 20 அறுவடை வருடமல்ல, கலவையின் முதிர்ச்சி.) இனிப்புப் பிரியையான அம்மாவுக்கு என்றால் இத்தாலியின் இனிப்பு வெள்ளை வைன் மொஸ்காத்தோ தஸ்தி. ஆல்கஹால் சுமார் 5 விழுக்காடுதான், அத்தைகளும் ஒரு கிளாஸ் எடுப்பார்கள்.

வறுவலுக்குப் பக்கத்தில் கனமான சிவப்பு

மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பும் அதிக ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும், வைன் கசக்கும். மீன் தலைக்கறி, ஆட்டு வறுவல் என்றால் ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங் வெள்ளை வைன், லேசான இனிப்போடு. சிவப்பே வேண்டும் என்றால் பிரான்சின் லேசான சிவப்பான பூஜொலே, அதையும் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு.

இருபது பேருக்கு மலிவானதைத் தேடுவது

சிங்கப்பூரில் வைனுக்கான தீர்வை (மது வரி) விலையைப் பார்த்து இல்லை, ஆல்கஹால் அளவைப் பார்த்து: லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (டாலர்). 13 விழுக்காடு உள்ள சாதாரண 750 மில்லி பாட்டிலுக்கு 8 வெள்ளி 58 காசு. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 22 வெள்ளிப் பாட்டிலுக்கும் அதே தீர்வை, 60 வெள்ளிப் பாட்டிலுக்கும் அதே தீர்வை. அடிமட்ட விலையில் நீங்கள் கொடுப்பதில் பாதிக்குக் கிட்ட வரிதான். பத்து வெள்ளி ஏற்றினால் அந்தப் பத்தில் பெரும்பகுதி வைனுக்குப் போகும்.

ஜொகூரில் வாங்கி வருவது

மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுவில் வரிச்சலுகை கிடையாது.

திதி அன்றே திறப்பது

வேண்டாம். அன்று இலை சைவம். சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள்.

புளோக் கீழ்த்தளத்தில் விருந்து

இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது, கீழ்த்தளமும் அதில் அடக்கம். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். மற்ற இடமென்றால் மாலை ஏழு மணிக்கே முதல் பாட்டிலைத் திறந்துவிடுங்கள்.