ஜாவா 1811: சிற்றுருவங்களை வைத்துச் சிறுபடை மோதல் ஆடும் முறை

நெப்போலியன் காலத்துப் போரை மேசைமேல் ஆட விரும்பும் பினாங்குத் தமிழர்கள் வாட்டர்லூவைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1810-இல் நெதர்லாந்து பிரெஞ்சுப் பேரரசோடு இணைக்கப்பட்டதால், அந்நாட்டின் ஆட்சியில் இருந்த ஜாவாவும் பிரான்சின் கைக்குள் வந்தது. அதைக் கைப்பற்ற 1811-இல் கிளம்பிய ஆங்கிலேயப் படையில் மதராஸ் பிரிவு பினாங்கைத் தொட்டு, மலாக்கா வழியாகச் சென்றது. பாதை வெட்டவும் அரண் அமைக்கவும் மதராஸ் பயனியர்களும் உடன் போனார்கள். நம் கரையோரமாகக் கடந்துபோன இந்தப் போரையே முதல் ஆட்டமாக வைத்துக்கொள்ளும்படி மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

பக்கத்துக்குப் பன்னிரண்டு உருவங்கள் போதும். 28 மில்லிமீட்டர் அளவில் வாங்கி, நான்கு நான்காக மூன்று குழுக்கள் அமையுங்கள். ஒன்றில் அதிகாரியும் இன்னொன்றில் ஹவில்தாரும் இருக்கட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் தெளிப்பான் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும் என்பதால், மழை நாளில் அடிப்பூச்சைத் தூரிகையால் பூசுவதே நல்லது. 120-க்கு 90 சென்டிமீட்டர் மேசையில் தோப்பு, வேலி, வாய்க்கால் ஆகியவற்றை நெருக்கமாக வையுங்கள். வெட்டவெளியில் இந்த ஆட்டம் சிறக்காது.

மூன்று சிவப்புச் சீட்டு, மூன்று கறுப்புச் சீட்டு, ஒரு ஜோக்கர் ஆகியவற்றைக் கலைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். எந்த நிறம் வருகிறதோ அந்தப் பக்கம் இன்னும் அசையாத ஒரு குழுவை இயக்கலாம். ஜோக்கர் வந்தால் சுற்று அங்கேயே முடிகிறது. குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு செயல்கள் உண்டு: ஆறு அங்குலம் நகர்வது ஒன்று, சுடுவது ஒன்று.

ஆட்டத்தின் உயிர் துப்பாக்கியில் இருக்கிறது. அக்காலச் சிப்பாய் தோட்டாத் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். நன்கு பழகியவர்களாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று முறைதான் சுட முடிந்தது. ஆகவே மீண்டும் மருந்து நிரப்ப இரண்டு செயல்களும் செலவாகும் என்று வையுங்கள். சுட்ட உருவத்தின் முன் சிறு பஞ்சுத் துணுக்கை வைத்தால், அது புகையாகவும் துப்பாக்கி காலி என்பதற்கு அடையாளமாகவும் நிற்கும், நிரப்பியதும் எடுத்துவிடலாம். இலக்கை வீழ்த்த, ஆறு அங்குலத்துக்குள் பகடையில் குறைந்தது 4, பன்னிரண்டுக்குள் குறைந்தது 5, இருபத்து நான்குக்குள் 6 விழ வேண்டும். இலக்கு மறைவில் இருந்தால் பகடையில் ஒன்றைக் கழியுங்கள். அதிகாரியோ ஹவில்தாரோ உள்ள குழு ஒருசேரச் சுட்டால் ஒன்றைக் கூட்டுங்கள். ஆனால் அதன்பின் நால்வரும் வெறுங்குழலோடு நிற்பார்கள். எதிரியின் துப்பாக்கிமுனைக் கத்தி நெருங்குவது அப்போதுதான். முதல் வெடியை எவ்வளவு நேரம் அடக்கி வைப்பது என்ற முடிவில்தான் ஆட்டக்காரரின் திறமை தெரியும்.

அடித்தளங்கள் தொட்டால் கைகலப்பு: இருவரும் பகடை உருட்ட, குறைந்தவர் விழுவார், சமமானால் இருவரும் ஓர் அங்குலம் பின்வாங்குவர். குழுவில் பாதி விழுந்ததும் ஒரு பகடை உருட்டுங்கள். 4-க்குக் குறைந்தால் மற்றவர்கள் தங்கள் மேசை ஓரத்துக்கு ஓடுவார்கள்.

முதல் களமாக 1811 ஆகஸ்ட் 26 விடியற்காலை, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) அருகிலிருந்த மீஸ்டர் கார்னெலிஸ் அரணருகே, ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் படை கைப்பற்றிய ஸ்லோகான் ஆற்றுப் பாலத்தை எடுங்கள். இருட்டு என்பதால் முதல் மூன்று சுற்றுகளில் பன்னிரண்டு அங்குலத்துக்கு அப்பால் சுட முடியாது. எட்டுச் சுற்றுக்குள் ஐவரை அக்கரை சேர்த்தால் தாக்குபவர் வெற்றி. காப்பவரின் ஒரு குழு எதிரி தொடாதபடி அடுத்தடுத்து இரண்டு சுற்றுகள் பாலத்தருகே வேலை செய்தால் பாலம் தகர்ந்து ஆட்டம் முடியும்.