தனிக் கராஜுக்கு சப்பேனல்: கம்பியைக் கடைசியில் வாங்குங்கள்

தனியாக நிற்கும் கராஜில் சப்பேனல் (வீட்டு மெயின் பேனலிலிருந்து கரண்ட் வாங்கும் சிறிய பிரேக்கர் பெட்டி) வைத்து கரண்ட் கொண்டுபோக வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பி வாங்கலாம்?" என்றுதான். பேப்பரும் பேனாவும் எடுங்கள், கம்பி அப்புறம். இங்கே சொல்வது அமெரிக்க வீடுகளின் 120/240 வோல்ட் கணக்கு, என்.இ.சி (அமெரிக்க தேசிய மின்சாரக் கோட்பாடு) விதிகளை ஒட்டியது. ஊருக்கு ஊர் திருத்தம் உண்டு, பெர்மிட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நான் வழக்கமாகப் பார்க்கும் கராஜ் இப்படி: 32 ஆம்ப் இழுக்கும் மின்கார் சார்ஜர், 13 ஆம்ப் கம்ப்ரஸர், சில விளக்குகள். கார் மணிக்கணக்கில் சார்ஜ் ஆகும். தொடர்ந்து ஓடும் சுமைக்கு 125 சதவீதம் போட வேண்டும், ஆகவே 40 ஆம்ப். கம்ப்ரஸர் மோட்டாருக்கும் கால் பங்கு கூட்டினால் 16.25. சார்ஜர் 240 வோல்ட் என்பதால் இரண்டு லெக்கிலும் (கரண்ட் வரும் இரண்டு 120 வோல்ட் ஹாட் கம்பிகளிலும்) உட்காரும். 120 வோல்ட் கம்ப்ரஸர் ஒரு லெக்கில் மட்டும். அந்த லெக்கில் மொத்தம் 56.25. விளக்குகளை அடுத்த லெக்கில் போட்டுவிடுங்கள். சரி, வீட்டு பேனலில் 60 ஆம்ப் இரட்டைத் துருவ பிரேக்கர் (இரண்டு லெக்கையும் சேர்த்து அணைப்பது) போதும். வீட்டு சர்வீஸ் (வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் மின் இணைப்பு) இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது கம்பி. பிரேக்கர் காப்பது கம்பியை. கண்டூயிட்டில் (கம்பி போகும் குழாயில்) இழுக்கும் 6 கேஜ் செம்புக் கம்பி (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்), இரு முனை டெர்மினல்களும் 75 டிகிரி செல்சியஸ் ரேட்டிங் உள்ளவையாக இருந்தால், 65 ஆம்ப் தாங்கும். இரண்டு ஹாட், கரண்ட் திரும்பும் ஒரு நியூட்ரல், கூடவே பாதுகாப்புக்கான 10 கேஜ் கிரவுண்ட்: மொத்தம் நான்கு கம்பி. மண்ணுக்கடியில் போகும் கண்டூயிட்டின் உட்புறமும் ஈரமான இடம்தான், அதனால் வீட்டுக்குள் போடும் ரோமெக்ஸ் கேபிள் கூடாது, ஈரம் தாங்கும் டி.எச்.டபிள்யூ.என் (THWN) கம்பி வாங்குங்கள். பி.வி.சி கண்டூயிட்டுக்கு மேல் 18 அங்குல மண் வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்க்கும் முன் பள்ளத்தை மூடிவிடாதீர்கள்.

தூரம்தான் பலர் விட்டுவிடுவது. 6 கேஜ் செம்புக்கு ஆயிரம் அடிக்குச் சுமார் 0.49 ஓம் மின்தடை. கராஜ் 100 அடி தள்ளி என்றால் போக வர 200 அடி, 60 ஆம்பில் ஏறத்தாழ 5.9 வோல்ட் குறையும்; 240-இல் அது 2.5 சதவீதம். 3 சதவீதத்துக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 150 அடி என்றால் 3.7 சதவீதம் ஆகிவிடும். 4 கேஜுக்குப் போங்கள். அப்போது கிரவுண்டையும் அதே விகிதத்தில் 8 கேஜாக்க வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

கராஜில் மெயின் பிரேக்கர் உள்ள பேனலாகவே வாங்குங்கள். அங்கேயே அணைக்க ஒரு ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும், அந்த வேலையை இது செய்துவிடும். அதில் 100 ஆம்ப் என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. கம்பியைக் காப்பது வீட்டிலுள்ள 60 ஆம்ப் பிரேக்கர். வெளியே 8 அடி கிரவுண்ட் ராட் இரண்டை, குறைந்தது 6 அடி இடைவெளியில் அடித்து, 6 கேஜ் செம்பில் இணையுங்கள். ராட் இருக்கிறதே என்று நான்காவது கம்பியை விட்டுவிடக் கூடாது. எங்காவது ஹாட் கம்பி பெட்டியைத் தொட்டால் பிரேக்கரை விழவைப்பது அந்தக் கம்பிதான், மண்ணுக்கு அந்தச் சக்தி கிடையாது.

கடைசியாக, பேனலோடு வரும் பச்சை ஸ்க்ரூ, நியூட்ரல் பாரை உலோகப் பெட்டியோடு இணைப்பது. அதைப் போடாதீர்கள். நியூட்ரலும் கிரவுண்டும் சேர்வது வீட்டின் மெயினில் மட்டும். கராஜிலும் சேர்த்தால் நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு கிரவுண்ட் கம்பி வழியே போகும். நியூட்ரல் லூஸானால் முழுவதும் அதன் வழியேதான். கிரவுண்ட் பாரைத் தனியாக வாங்கிப் பெட்டியில் முடுக்குங்கள். வீட்டிலிருந்து வரும் கம்பிகளை மாட்டுவதற்கு முன்பே, மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் கன்டின்யூட்டி நிலையில் வைத்து, அதன் ஒரு முனையை நியூட்ரல் பாரிலும் மறுமுனையை பெட்டியின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். பீப் சத்தம் வந்தால் எங்கோ இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது. கண்டுபிடித்துப் பிரித்த பிறகு கம்பியை மாட்டுங்கள்.