65 கிராமில் தினசரிக் கத்தி: துணி ஹைலம் பிடியுடன் செய்யும் முறை

கத்தியின் எடையைக் குறைக்கவேண்டும் என்றதும் பலர் முதலில் தேடுவது கார்பன் ஃபைபர் ஷீட்டைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் எடை அங்கே இல்லை.

இங்கே எடுத்துக்கொள்வது மடங்காத சிறு கத்தி. அலகு 70 மி.மீ., பிடி 100 மி.மீ., எஃகு 2.5 மி.மீ. தடிமனுள்ள 14சி28என் என்ற துருப்பிடிக்காத ரகம். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க இந்த நீளம் தாராளம். இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் குறிப்பிடும் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற வரம்புக்கு இது வெகு கீழே. ஆனாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது.

பிடிக்குள் போகும் இரும்பைக் காம்பு என்று வைத்துக்கொள்வோம். 100 × 20 × 2.5 மி.மீ. என்றால் அது மட்டுமே 38 கிராம். 24 மி.மீ. அகல அலகு, சரிவும் மூக்கும் தேய்த்து முடித்தபின் ஏறத்தாழ 20 கிராம். பிடியின் இருபுறமும் ஒட்டும் 3 மி.மீ. தகடுகள் இரண்டும் சேர்ந்து, கண்ணாடி இழை எபாக்சியான ஜி10-இல் 22 கிராம், கார்பன் ஃபைபரில் 19 கிராம், பிசினில் தோய்த்த துணியை அடுக்கி இறுக்கிய துணி ஹைலத்தில் 16 கிராம். விலை அதிகமான கார்பன் ஃபைபர் ஜி10-ஐவிட மிச்சப்படுத்துவது வெறும் 3 கிராம். காம்பில் 10 மி.மீ. ஓட்டை ஆறு போட்டாலே 9 கிராம் போய்விடும்.

ஓட்டை போட்ட காம்பு பலம் இழக்காதா என்றால், அங்கேதான் கூட்டுப்பொருள் கைகொடுக்கிறது. நடுவில் இரும்பு, இருபுறமும் ஒட்டிய இழைத்தகடு. இப்படி மூன்றும் ஒரே துண்டாகிவிட்டால், பக்கவாட்டு வளைவைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கை வெளித்தகடுகள் எடுத்துக்கொள்ளும். ஒட்டு சரியாக இருக்கும்வரைதான் இது நிற்கும். ஆகவே இந்தக் கத்தியில் அதிகக் கவனம் தேவைப்படுவது பசைக்கு.

ஹைலம் வாங்கும்போது

மோட்டார் ரீவைண்டிங் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பேப்பர் ஹைலம் வேண்டாம். அது பளபளப்பாக இருக்கும், ஓட்டை போடும் இடத்தில் ஏடு ஏடாகப் பிரியும். வெட்டிய ஓரத்தை உற்றுப் பார்த்தால் நூல் அடுக்குகள் தெரியவேண்டும், அதுதான் துணி ஹைலம். ஈரக்கையிலும் வழுக்காது. கொஞ்சம் ஈரம் உறிஞ்சும் என்பது அதன் குறை. எந்நேரமும் தண்ணீரில் புழங்கும் வேலை என்றால் 6 கிராம் கூடினாலும் ஜி10 நல்லது.

கார்பன் ஃபைபரேதான் வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அது மின்சாரம் கடத்தும். வியர்வையோ உப்புக்காற்றோ பட்டால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எஃகு வேகமாக அரிக்கும். இரண்டுக்கும் நடுவே 0.5 மி.மீ. ஜி10 ஏடு ஒன்றை வைத்து ஒட்டவேண்டும்.

இரும்பு வேலை

ஓட்டைகள் எல்லாவற்றையும் பதம் வைப்பதற்கு, அதாவது உலையில் சூடாக்கிக் கடினப்படுத்துவதற்கு, முன்பே போட்டுவிடவேண்டும். பிறகு டிரில் பிட் இறங்காது. அலகு முடியும் இடத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி, தகடுகளைக் காம்போடு பிணைக்கும் 3 மி.மீ. பின்னுக்கு (ஆணிக்கு) ஒரு ஓட்டை. 15 மி.மீ.-க்கு அப்பால்தான் பெரிய ஓட்டைகள் தொடங்கலாம், ஏனென்றால் அழுத்தும்போது அதிக விசை விழுவது அந்த முன்பகுதியில். மையத்துக்கு மையம் 13 மி.மீ. இடைவெளியில் ஆறு ஓட்டை. கடைசியில் 95 மி.மீ.-இல் இரண்டாவது பின்னுக்கான ஓட்டை. எடை இன்னும் குறையட்டும் என்று சதுரமாக வெட்டினால், பதம் வைக்கும்போது மூலையிலிருந்து விரிசல் ஓடும். வட்டமே போதும், ஓரங்களைச் சற்று மழித்துவிடவும்.

பதம் வைக்குமுன் வாய்ப்பக்கம் 0.5 மி.மீ. தடிமன் விட்டுத் தேய்க்கவும். அதைவிட மெலிந்தால் உலையில் நெளியும். 14சி28என்-க்கு 1,050 முதல் 1,060 டிகிரி செல்சியஸ் வேண்டும், குளிர்ந்த பிறகு உடையாமல் இருக்க 180 டிகிரியில் மறுபடி சூடாக்கி டெம்பர். கடினம் ராக்வெல் அளவுகோலில் 59–60 வரவேண்டும். வாக்குவம் உலைக்குக் கொடுக்கும்போது எஃகின் பெயரையும் வெப்பநிலையையும் எழுதிக் கொடுங்கள். டி2 எஃகின் தொகுதியோடு சேர்த்துப் போட்டால் வெப்பம் போதாமல் கத்தி மிருதுவாகிவிடும். வந்தபின் இறுதிச் சரிவைத் தேய்க்கும்போது கையுறை வேண்டாம். விரல் சுட்டால் உடனே தண்ணீரில் முக்கவும். வாயோரம் வைக்கோல் நிறம் தெரிந்தாலே அந்த இடத்தில் பதம் இறங்கத் தொடங்கிவிட்டது.

ஒட்டுதல்

தகட்டில் ஓட்டை போடும்போது அடியில் மரத்துண்டை இறுக்கிப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் பிட் வெளிவரும் பக்கம் நூல் பிய்ந்து பூப்போல விரியும். ஜி10-க்குக் கார்பைடு பிட் தேவை. இந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குறைந்தது என்95 முகக்கவசம், முடிந்தவரை தண்ணீர் விட்டுத் தேய்ப்பு.

தகடுகளின் முன்முனையை ஒட்டுவதற்கு முன்பே பாலிஷ் வரை முடித்துவிடவேண்டும். ஒட்டியபின் அங்கே தேய்த்தால் அலகில் கீறல் விழும்.

ஒட்டும் பரப்புகளை 60–80 நம்பர் தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்து, அதன்பின் விரலே படாமல் வையுங்கள். கையெண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. 5 நிமிடப் பசை வேண்டாம், ஈரத்தில் அது சீக்கிரம் விட்டுவிடும். மெதுவாக இறுகும் சாதாரண எபாக்சியைப் பெட்டியில் உள்ள விகிதப்படி கலந்து, பின்னை நுழைத்து, கிளாம்ப் போடவும். எல்லோரும் தவறுவது இங்கேதான்: மரவேலைபோல முறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, உள்ளே வெறும் பரப்பு மிஞ்சும். ஓரம் முழுக்க மெல்லிய கோடாகப் பசை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடவேண்டும். முன்முனையில் வழிந்ததை இறுகுமுன் அசிட்டோன் நனைத்த பஞ்சால் எடுக்கவும். 24 மணிநேரம் தொடவேண்டாம். பின்னைச் சுத்தியலால் தட்டி விரிக்கவும் வேண்டாம், தகடு ஏடு பிரியும்.

வடிவம் கொடுக்கும்போது தேய்ப்பு பெல்ட்டில் கருகல் நெடி வந்தால் உடனே கையை எடுங்கள். சாதாரண எபாக்சி 60 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். உள்ளே ஒட்டு விட்டிருக்கும், வெளியே தெரியாது. முடித்தபின் பிடியில் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அங்கே ஒட்டு இல்லை, பிரித்துத் திரும்ப ஒட்டவேண்டியதுதான்.

வாயை 0.25 மி.மீ. வரை மெலித்து, ஒரு பக்கத்துக்கு 18 டிகிரியில் சாணை பிடிக்கலாம். உறைக்கு, சூட்டில் இளகும் பிளாஸ்டிக்கான கைடெக்ஸ் ஷீட் 2 மி.மீ. தடிமனில்: அலகில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்றுச் சுற்றி, 160 டிகிரியில் இளகிய ஷீட்டை ஸ்பாஞ்சுக்கு நடுவே வைத்து அழுத்தவும். உறை 20 கிராம் வரும். அடியில் 4 மி.மீ. ஓட்டை ஒன்று விட்டுவிடுங்கள், ஈரமும் மணலும் அதன் வழியே இறங்கிவிடும்.