புதர் மண்டிய தோட்டத்தோடு வீடு வாங்கலாமா? தண்ணீர் நிற்கும் மனையைக் கண்டுபிடிக்கும் முறை

சென்னையில் பழைய தனி வீடு பார்க்கப் போகிறவர்கள் பின்பக்கத்துப் புதரைக் கண்டதும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். ஆனால் புதர் ஒரு குறையே இல்லை. இரண்டு ஆட்களை விட்டால் இரண்டு மூன்று நாளில் சுத்தமாகிவிடும். பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். விற்பவர்கள் பெரும்பாலும் மண் காய்ந்து கிடக்கும் மார்ச், ஏப்ரலில்தான் வீட்டைக் காட்டுவார்கள். நவம்பரில் அங்கே என்ன நடக்கிறது என்பதை அந்தக் காய்ந்த மண்ணிலிருந்தே படித்துவிடலாம்.

கொண்டுபோக வேண்டியவை: முட்டளவு பூட்ஸ், நீளமான கம்பு, கடப்பாரை, மண்வெட்டி, டேப், ஒரு வாளி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப். புதருக்குள் கால் வைக்கும் முன் கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பாம்பு பெரும்பாலும் விலகிப் போகும். குப்பை போட்டு மூடிய பழைய கிணறு இருந்தால் கம்பு உள்ளே இறங்குவதும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ஏறி நிற்காதீர்கள், மூடிய குப்பை மழையில் அமுங்கும்.

படி 1: சாலையோடு மட்டம் பாருங்கள்

மற்ற எதையும்விட இது முக்கியம். டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை வாசலுக்கு வெளியே சாலையில் ஒருவர் பிடிக்கட்டும், மறுமுனையைத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் நீங்கள் பிடியுங்கள். தண்ணீர் ஆடாமல் நின்றதும், இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டத்திலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். எந்தப் பக்கம் அளவு அதிகமோ அந்தப் பக்கம் பள்ளம். சாலையில் 3 அடி, தோட்டத்தில் 4 அடி என்றால் தோட்டம் ஒரு அடி தாழ்வு. தெருத்தண்ணீர் உள்ளே வரும், உள்ளே வந்தது தானாக வெளியேறாது. பழைய தெருக்களில் தார்ச்சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் பல வீடுகள் இப்படித் தாழ்ந்துவிட்டன.

மண் கொட்டி மேடாக்கிவிடலாம் என்று தரகர் சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,000 சதுர அடியை ஒரு அடி உயர்த்த 1,000 கன அடி மண், அதாவது 10 யூனிட். மண் அமுங்குவதால் 12, 13 யூனிட் இறக்க வேண்டிவரும். செலவைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வீட்டுத் தரை வெளித்தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். வெளியே ஒரு அடி ஏற்றினால் மிஞ்சுவது அரை அடிதான். ஈர மண் சுவரை ஒட்டி ஏறியதும் சுவர் ஓதம் இழுக்கும். எனவே இந்த உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிப் பூச்செடிக்காக மண் குவித்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் ஓதம் இருப்பது நல்ல செய்தி. மண்ணை வெட்டி எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படி 2: செடிகளைக் கவனியுங்கள்

சம்பு (நீர்நிலையோரம் உயரமாக வளரும் செடி), நீர்ப்பிரமி, நீர்முள்ளி, யாரும் நடாமல் வந்த சேம்பு ஆகியவை கூட்டமாக இருந்தால் அங்கே வெகுநாள் ஈரம் நிற்கிறது. எருக்கு, நெருஞ்சி, தும்பை இருந்தால் பெரும்பாலும் காய்ந்த நிலம். வெறும் கோரையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது எங்கும் வரும். நம்பகமான சாட்சி பப்பாளி. அதன் வேர் இரண்டு நாள் தேங்கிய தண்ணீரைக்கூடத் தாங்காது. தடித்த அடிமரத்தோடு இரண்டு மூன்று வருடப் பப்பாளி நிற்கிறதென்றால் அந்த இடத்தில் மழைத்தண்ணீர் தங்கவில்லை.

படி 3: சுவரில் கோடு தேடுங்கள்

காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம், மரத்தின் அடி, பழைய கதவின் கீழ்ப்பகுதி மூன்றிலும் ஒரே உயரத்தில் கறை இருந்தால் அது நின்ற தண்ணீரின் மட்டம். மேடு பள்ளமாகப் போகும் வெள்ளை உப்பு, தரையிலிருந்து ஏறிய ஓதம். கீழே மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

படி 4: குழி தோண்டுங்கள்

உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, ஈ.பி. கேபிளும் குழாயும் போகும் பக்கத்தைத் தவிர்த்து, தாழ்ந்த மூலையில் ஒன்று, மேட்டில் ஒன்று என ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் தோண்டுங்கள்.

முதலில் மண்ணின் நிறம். ஒரே சீரான பழுப்போ செம்மையோ நல்லது. சாம்பல் நிறத்தில் துருப் புள்ளிகள் கலந்திருந்தால், வருடா வருடம் பல வாரங்கள் அந்த மண் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. காற்றில்லாமல் மண்ணிலுள்ள இரும்பு மாறுவதால் வரும் நிறம் அது, கோடையிலும் போகாது. எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் இதை மறைக்க முடியாது. அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிறகு குழியை நிரப்பி முழுதும் வற்ற விடுங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரை வேகமாகக் குடித்து ஏமாற்றும் என்பதால் இரண்டாம் முறை நிரப்பித்தான் அளக்க வேண்டும். மணிக்கு 1 முதல் 3 அங்குலம் இறங்கினால் நல்ல தோட்டம். அரை அங்குலம்கூட இறங்கவில்லையா? கடப்பாரையால் குழியின் அடியைக் குத்துங்கள். ‘டங்’ என்று கேட்டால் வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கழிவு அடியில் தளம்போல் இறுகியிருக்கலாம், உடைத்து எடுத்தால் சரியாகிவிடும். வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் அது பாறையாகவும் இருக்கலாம். கடப்பாரை பிசுபிசுவென்று இறங்கினால் களி. தி.நகர், மேற்கு மாம்பலம் போன்ற பகுதிகளில் இதுதான் அதிகம். மழைநீர் சேகரிப்புக் குழியைக் களி தாண்டி மணல் வரை இறக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் ஊற்றும் முன்பே குழியில் ஊறி வந்தால், நிலத்தடி நீரே ஓரடிக்குள் நிற்கிறது. அடிக்கடி தேங்கும் மனை அது. நாங்கள் என்றால் வாங்க மாட்டோம்.

படி 5: கசிவா என்று பாருங்கள்

திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடத்தில் கோடையிலும் ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருந்தால் மழையைக் குறை சொல்ல முடியாது. சம்பின் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) வரத்தையும் மோட்டாரையும் நிறுத்தி, இரவு நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, காலையில் பாருங்கள். 6 × 5 அடி சம்பில் ஓர் அங்குலம் இறங்கியிருந்தால் 70 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது. செப்டிக் டேங்கைச் சுற்றிக் கறுத்த மண்ணும் நாற்றமும் உண்டா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் செப்டிக் கசிவு தெரியாது. சில நாள் தண்ணீர் புழங்கவிட்டு மறுபடி போக வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அ-பதிவேட்டில் (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) அந்த நிலம் முன்பு நஞ்சையா, நீர்நிலையை ஒட்டியதா என்று பாருங்கள். முடிந்தால் பலத்த மழை பெய்து 24 மணி நேரம் கழித்து ஒருமுறை போங்கள். பிறகு அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் பேசுங்கள். “இங்கே தண்ணீர் நிக்குமா சார்?” என்றால் தெருவின் விலை விழுந்துவிடும் என்று “அதெல்லாம் இல்லை” என்பார்கள். 2015 டிசம்பரில் எந்தப் படி வரை வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் காரை எங்கே நிறுத்துவீர்கள் என்றும் கேளுங்கள். மேம்பாலத்தில் என்று பதில் வந்தால், நீங்கள் தோண்டிய குழியின் நிறத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.